போர் போடும் முன் ஒரு கணக்கு

கேள்வி இது: "அண்ணா, பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அரசு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. ப்ராஜெக்டுக்கு, அறிவியல் பொறியியல் கணக்குகளுக்கான அல்காரிதம் என்று ஒரு தலைப்பை மேடம் சொன்னார்கள். இது கம்ப்யூட்டர் சயின்ஸா, கணக்குப் பாடமா? மெஷின்தான் வருடாவருடம் வேகமாகிறதே, இதில் ஆராய்ச்சி செய்ய இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது? நம் பக்கத்துக்கு இதனால் ஏதாவது உண்டா? போன மாதம்தான் அப்பா மூன்றாவது போர்வெல் போட்டார். அதிலும் தண்ணீர் இல்லை, புகைதான்."

தம்பி, கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் பென்னாகரம் பக்கம். எங்கள் கொல்லையில் இதுவரை நான்கு போர். இரண்டில் தண்ணீர் வந்தது. அதிலும் ஒன்று இரண்டாவது கோடைக்கே நின்றுவிட்டது. முதல் இரண்டுக்குத் தாத்தா தேங்காய் வைத்துப் பார்க்கிறவரைக் கூட்டி வந்தார். அடுத்த இரண்டுக்கு அப்பா மீட்டர்காரரைக் கூப்பிட்டார். ஆளுக்கு ஒன்று பாஸ், ஒன்று ஃபெயில். இந்த மார்க்கை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.

உங்கள் மூன்று கேள்விக்கும் அந்த மீட்டரை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

மீட்டர்காரர் என்ன செய்கிறார்? நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் தரையில் அடிக்கிறார். வெளிக் கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரத்தை மண்ணுக்குள் விடுகிறார். உள் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிவோல்ட் என்று பார்க்கிறார். அப்புறம் வெளிக் கம்பிகளை இன்னும் அகலத் தள்ளி அடித்து மறுபடி அளக்கிறார். கம்பிகள் விலக விலக மின்சாரம் ஆழமாக இறங்கிப் போகும். அளவிலும் ஆழத்தில் இருப்பதன் பங்கு கூடும். காய்ந்த கருங்கல் மின்சாரத்தை எளிதில் விடாது. தண்ணீர் ஊறிய உடைகல் விடும். ஒரு தாளில் இருபது முப்பது எண்களை எழுதி, வளைகோடு ஒன்று போட்டு, "இங்கே 350 அடியில் ஊற்று" என்பார்.

இதற்குள் இரண்டு கணக்கு ஒளிந்திருக்கிறது. தரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மீட்டர் என்ன காட்டும் என்பது ஒன்று. இதை நேர்க்கணக்கு என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் காட்டியதை வைத்துத் தரைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வது தலைகீழ்க் கணக்கு. அறிவியல் கணிப்பு ஆராய்ச்சியில் பாதிப் பேர் முதல் கணக்கை வேகமாக்கப் பாடுபடுகிறார்கள். மீதிப் பேர் இரண்டாவதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

முதலில் நேர்க்கணக்கு. தரையை நெடுக்காக வெட்டிப் பார்த்தது போல ஒரு படம் எடுத்து, அதை ஆயிரத்துக்கு ஆயிரம் என்று சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறோம். மொத்தம் 10 லட்சம் கட்டம். ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் எவ்வளவு என்பது தெரியாது. ஆனால் ஒரு கட்டத்துக்குள் வரும் மின்சாரமும் வெளியே போகும் மின்சாரமும் சமம் என்று ஒரு சமன்பாடு எழுதலாம். ஆக 10 லட்சம் சமன்பாடு, 10 லட்சம் விடை தெரியாத எண்கள்.

பள்ளிக்கூடத்தில் படித்தபடி ஒன்றை வைத்து இன்னொன்றை நீக்கிக்கொண்டே போனால் (காஸ் பெயரில் இருக்கிற அதே முறை) கூட்டல் பெருக்கல் எல்லாம் சேர்த்து சுமார் 6,700 கோடி கோடி ஆகும். உங்கள் லேப்டாப் நொடிக்கு ஆயிரம் கோடி போடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஓடும். அந்தச் சமன்பாடுகளின் எண்களை ஒரு அட்டவணையாக வைத்துக்கொள்ள மட்டும் 8 டெராபைட் நினைவகம் வேண்டும். பத்து மடங்கு வேகமான மெஷின் வாங்கினால் இரண்டு வருடம் இரண்டரை மாதமாகக் குறையும். அதற்குள் அப்பா நான்காவது போரையே போட்டுவிடுவார்.

இப்போது அந்தச் சமன்பாடுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் தன்னையும் பக்கத்தில் உள்ள நான்கு கட்டங்களையும் தவிர வேறு யாரையும் தொடுவதில்லை. 10 லட்சம் எண்கள் இருக்கவேண்டிய ஒரு வரிசையில் ஐந்துதான் பூஜ்யம் இல்லாதவை. அந்த ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டால் 8 டெராபைட் 40 மெகாபைட்டாகச் சுருங்கிவிடும். 1952-இல் ஹெஸ்டனீஸ், ஸ்டீஃபல் இருவரும் வெளியிட்ட கான்ஜுகேட் கிரேடியண்ட் என்ற முறை அட்டவணையைக் கலைக்காமல், அந்த ஐந்து எண்களை வைத்துப் பெருக்கிப் பெருக்கியே விடையை நெருங்கும். சில ஆயிரம் சுற்றுகள் போதும். அதே லேப்டாப்பில் ஒரு நிமிடத்துக்குள் முடியும்.

அதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. எனக்கு இந்தத் துறையின் மேல் ஆசை வந்ததே அதைப் படித்த பிறகுதான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

விடையை ஒரு குத்துமதிப்பாகத் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்தையும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளச் சொன்னால் என்ன ஆகும்? பக்கத்துப் பக்கத்தில் மேலும் கீழுமாக இருக்கும் பிழை நான்கைந்து சுற்றில் மழமழவென்று தேய்ந்துவிடும். ஆனால் படத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அகலமாக, மெதுவாக ஏறி இறங்கும் பிழை அசையவே அசையாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தன் பக்கத்து வீடு மட்டும்தானே தெரியும். பென்னாகரத்துச் செய்தி ஓசூருக்கு வீடு வீடாகப் போய்ச் சேருவது போல. நம் ஆட்கள் அப்படியா செய்கிறார்கள்? விஏஓவிடம் சொன்னால் தாசில்தாருக்குப் போகும், தாசில்தாரிடமிருந்து கலெக்டர் ஆபீசுக்குப் போகும், அங்கே முடிவெடுத்து மறுபடி கீழே இறங்கும். கட்டங்களுக்கும் அதையே செய்தார்கள். நான்கு கட்டத்தை ஒன்றாக்கி ஒரு பெரிய கட்டம், அவற்றில் நான்கைச் சேர்த்து இன்னும் பெரியது என்று அடுக்கடுக்காகப் போனால், கீழே அகலமாகத் தெரிந்த பிழை மேல் அடுக்கில் பக்கத்துப் பக்கத்துப் பிழையாகத் தெரியும். அங்கே அதை லேசாகத் தட்டிவிட்டுக் கீழே கொண்டுவரலாம். இதற்குப் பெயர் மல்டிகிரிட். சோவியத் நாட்டில் ஃபெடரென்கோ 1960-களின் தொடக்கத்திலேயே எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1970-களில் இஸ்ரேலின் அகி பிராண்ட் எடுத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நம் 10 லட்சம் கட்டத்துக்கு இதில் ஒன்றிரண்டு நொடி.

இரண்டு வருடம், ஒன்றிரண்டு நொடி. மெஷின் அதேதான்.

சரி, அப்படியென்றால் முடிந்துபோன விஷயத்தில் என்ன ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். நான் சொன்ன நேரமெல்லாம் தரை முழுக்க ஒரே மாதிரி இருந்தால்தான். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரித் தரை அப்படியா இருக்கிறது? சார்னோக்கைட், நைஸ் என்று கெட்டிப் பாறை. மேலே கொஞ்சம் மக்கிய கல். நடுவே எங்கோ ஒரு வெடிப்பு. பாறை ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர் (மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) காட்டும், அதை ஒட்டிய ஈரமான வெடிப்பு ஐம்பது காட்டும். இருபது அடி தள்ளிப் போட்ட போரில் புகை வருவதும் இதனால்தான். பக்கத்துப் பக்கத்தில் நூறு மடங்கு மாறும் தரையில், கண்ணை மூடிக்கொண்டு நான்கு நான்காகச் சேர்த்தால் பாறையையும் வெடிப்பையும் ஒன்றாகக் குழப்பிவிடுவோம். மல்டிகிரிட் நொண்டத் தொடங்கும். எந்தக் கட்டத்தை எதோடு சேர்ப்பது என்பதைச் சமன்பாட்டின் எண்களைப் பார்த்தே முடிவு செய்யும் முறைகள் 1980-களில் வந்தன. வெடிப்புகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகும் பாறைக்கு எது நன்றாக வேலை செய்யும் என்பது இன்றைக்கும் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கும் விஷயம்.

மெஷின் வேகத்தைப் பற்றி இன்னொன்று. சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை வாசலில் டெம்போ வரிசையைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மெஷின் மணிக்கு எத்தனை டன் அரைத்தால் என்ன, காய் இறங்கினால்தானே? கம்ப்யூட்டரிலும் அதே கதை. பெருக்கல் போடுவது மலிவாகிவிட்டது. நினைவகத்திலிருந்து எண்ணைக் கொண்டுவருவதுதான் தாமதம். அமெரிக்காவின் எல் கேபிடன் சூப்பர் கம்ப்யூட்டர் 2024 நவம்பரில் உலகின் முதல் இடத்துக்கு வந்தபோது நொடிக்கு 1.7 எக்ஸா வேகம் காட்டியது, அதாவது ஒன்றுக்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்டு 1.7 மடங்கு. அது எல்லா எண்களும் நிறைந்த அட்டவணையைத் தீர்க்கும் சோதனை. நம்முடையது போல வரிசைக்குக் கொஞ்சம் எண்கள் மட்டும் உள்ள சோதனையைக் கொடுத்தால் அந்த வேகத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் தேறுகிறது. ஆகவே இப்போது பலர் பெருக்கலை எண்ணுவதை விட்டுவிட்டு, எண்கள் எத்தனை முறை பயணம் செய்கின்றன என்பதை எண்ணி அல்காரிதம் எழுதுகிறார்கள். இரண்டு முறை கொண்டுவருவதற்குப் பதிலாக ஒரே கணக்கை இரண்டு முறை போட்டுவிடு, அதுதான் மலிவு என்கிற அளவுக்குப் போயிருக்கிறது.

இனி தலைகீழ்க் கணக்கு. உங்கள் அப்பாவுக்கு வேண்டியது இதுதான்.

வழி இப்படி: தரைக்குள் இப்படி இருக்கலாம் என்று ஒரு ஊகம் எடுத்துக்கொள்வது, நேர்க்கணக்கு போட்டு மீட்டர் என்ன காட்டியிருக்க வேண்டும் என்று பார்ப்பது, உண்மையில் காட்டியதோடு ஒப்பிட்டு ஊகத்தைத் திருத்துவது. தரையைப் பத்தாயிரம் துண்டுகளாகப் பிரித்தால், எந்தத் துண்டைத் திருத்தினால் வித்தியாசம் குறையும் என்று அறிய ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு திருத்தத்துக்குப் பத்தாயிரத்து ஒரு நேர்க்கணக்கு. ஒன்றுக்கு ஒரு நொடி என்றாலும் ஐம்பது திருத்தத்துக்கு ஆறு நாள் ஆகும். அட்ஜாயிண்ட் என்று ஒரு தந்திரம் உண்டு. மீட்டரில் தெரிந்த வித்தியாசத்தையே மின்சாரம் போலத் தரைக்குள் திருப்பி விட்டு இன்னொரு கணக்கு போட்டால், பத்தாயிரம் துண்டுக்கும் எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்ற விவரம் ஒரே அடியில் கிடைத்துவிடும். பத்தாயிரத்து ஒன்றுக்குப் பதில் இரண்டு. நியூரல் நெட்வொர்க்கில் பேக் ப்ராபகேஷன் என்று படித்திருப்பீர்களே, அடிப்படையில் அதே யோசனைதான். ஏஐ வகுப்பில் அதைப் புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் வேகம் வந்ததும் உண்மையான சிக்கல் வெளியே வரும். இரண்டு கெட்டிப் பாறைகளுக்கு நடுவே 2 மீட்டர் கனத்தில் 40 ஓம்-மீட்டர் ஈரப் படுகை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆழத்தில் 4 மீட்டர் கனத்தில் 80 ஓம்-மீட்டர் படுகை இருந்தால் மீட்டர் என்ன காட்டும்? கிட்டத்தட்ட அதே எண்களைத்தான். கனத்தை மின்தடையால் வகுத்தால் வரும் எண் மட்டும்தான் மேலே தெரியும். அப்புறம் ஈரக் களிமண்ணும் மின்சாரத்தை விடும், தண்ணீர் ஊறிய உடைகல்லும் விடும். மூன்று அங்குல வெடிப்பு ஒன்று 700 அடியில் இருந்தால் மேலே நின்றுகொண்டு பார்க்கிற மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. உலகத்தின் சிறந்த அல்காரிதத்தைக் கொடுத்தாலும், அளவில் இல்லாத செய்தியை அதனால் பிழிந்தெடுக்க முடியாது.

அதனால் இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்கள் ஒரே படமாகத் தருவதில்லை. 1963-இல் ரஷ்யாவின் திக்கனோவ் முன்வைத்த வழி, அளவோடு பொருந்தும் படங்களில் மிகவும் மென்மையானதை எடு என்று ஒரு கூடுதல் நிபந்தனை போடுவது. நல்ல வழிதான், ஆனால் வெடிப்பு போலக் கூர்மையாக இருப்பதையும் அது வழித்து மென்மையாக்கிவிடும். இப்போது பலரும் விரும்புவது, அளவோடு பொருந்தும் நூற்றுக்கணக்கான படங்களை உருவாக்கி, அவற்றில் எத்தனையில் இந்த இடத்தில் தண்ணீர் வருகிறது என்று எண்ணுவது. "350 அடியில் ஊற்று" என்பதற்குப் பதிலாக "நூறு படத்தில் முப்பதில் ஊற்று" என்று சொல்ல முடிந்தால், போர் வண்டிக்கு அடிக்கு இவ்வளவு என்று பணம் எண்ணிக் கொடுக்கிறவர் யோசித்து முடிவெடுப்பார். என் கணக்கில் இந்தத் துறையின் சாரமே இதுதான், தம்பி. விடை எப்போதும் கொஞ்சம் தப்பாகத்தான் இருக்கும். எவ்வளவு தப்பு, அதைக் குறைக்க எவ்வளவு செலவு என்று சொல்லத் தெரிய வேண்டும். மீட்டர்காரர் மேல் எனக்கு இருக்கும் ஒரே குறையும் அதுதான்: அவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்று கடைசி வரை சொல்லவே இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை, சூடுபட்டுக் கற்றேன். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் 2017 நவம்பரில் ஒரு ஷட்டர் உடைந்தது நினைவிருக்கும். அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் தென்பெண்ணையில் எந்த ஊருக்கு எப்போது வரும் என்று ஒரு கணக்கு எழுதிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். ஆற்றங்கரையில் 50 கிலோமீட்டர் நீளம், 4 கிலோமீட்டர் அகலம். 10 மீட்டர் கட்டம் போட்டால் 20 லட்சம் கட்டம். நேரத்தைக் காலடி வைப்பது போல அடி அடியாக நகர்த்தி, ஒவ்வொரு நேர அடியிலும் கட்டத்துக்குக் கட்டம் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்கிட்டுக்கொண்டே போக வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று அடிக்கு 5 நொடி வைத்தேன். முதல் இரண்டு நிமிடம் அழகாக ஓடியது. அப்புறம் தண்ணீர் மட்டம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாண்டியது. அடுத்து மேகத்தைத் தாண்டியது. அதன் பிறகு எண்ணே வரவில்லை. "இது எண் இல்லை" என்பதற்கு மெஷின் காட்டும் மூன்றெழுத்துக் குறி இருக்கிறதே, அதை நம் வாயால் வாசித்தால் "நான்". திரை முழுக்க நான், நான், நான். தப்பு செய்தது யார் என்று கேட்பதற்கு முன்பே பதில் வந்தது போல இருந்தது.

காரணம் 1928-லேயே கூரண்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் சொல்லிவைத்ததுதான். அப்போது கம்ப்யூட்டரே கிடையாது. ஒரு நேர அடிக்குள் அலை ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக் கூடாது. 5 மீட்டர் ஆழத் தண்ணீரில் அலை நொடிக்கு 7 மீட்டர் ஓடும், ஓட்டத்தின் வேகம் ஒரு 3. மொத்தம் 10. கட்டம் 10 மீட்டர் என்றால் ஒரு அடி ஒரு நொடியைத் தாண்டக் கூடாது. நான் வைத்ததோ ஐந்து. தாண்டினால் சின்னப் பிழை ஒவ்வொரு அடியிலும் பெருகும். இரட்டிப்பாகிற பிழை நூறு அடியில் ஒன்றுக்குப் பின் முப்பது பூஜ்யம்.

சரியாக ஒரு நொடி வைத்தால் ஒரு நாள் வெள்ளத்துக்கு 86,400 அடி. கட்டத்துக்கு நூறு கணக்கு என்று வைத்தால் அந்த லேப்டாப்பில் அரை மணி நேரம். இன்னும் துல்லியம் வேண்டும் என்று கட்டத்தை 5 மீட்டராக்கினால் கட்டங்கள் நான்கு மடங்கு, நேர அடிகள் இரண்டு மடங்கு. மொத்தம் எட்டு மடங்கு, கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். 2.5 மீட்டராக்கினால் 31 மணி நேரம். 24 மணி நேர வெள்ளம் வந்து வடிந்த பிறகு எச்சரிக்கை வரும்! வானிலை மாடல்களிலும் இதே எட்டு மடங்குதான் ஆளை மிரட்டும். நம் நாட்டின் பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 2025 மே மாதம் 12 கிலோமீட்டர் கட்டத்திலிருந்து 6 கிலோமீட்டருக்கு வந்தது. கேட்பதற்குப் பாதிதானே என்று தோன்றும்.

எனக்கு அப்போது 2.5 மீட்டரில் ஓட்டியே தீர வேண்டும் என்று வெறி. என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தரையின் உயரத்தை எங்கிருந்து எடுத்தாய்?" 2000-இல் விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த இலவசத் தரவுதான். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. உயரத்தில் 16 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் திட்டத்துக்கு வைத்த இலக்கு. பெரும்பாலான இடங்களில் அதைவிட நன்றாகவே வந்திருக்கிறது, இருந்தாலும் சில மீட்டர் பிழை சாதாரணம். கரை எங்கே இருக்கிறது என்பதே இரண்டு ஆள் உயரத்துக்குத் தெரியாதபோது 2.5 மீட்டர் கட்டம் யாருக்கு? பெரிய பிழையை விட்டுவிட்டுச் சின்னப் பிழையைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த 31 மணி நேரத்தை, தரை உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி அரை மணி நேரக் கணக்கை அறுபது முறை ஓட்டச் செலவழித்திருந்தால் எந்த ஊருக்கு ஆபத்து உறுதி, எதற்குச் சந்தேகம் என்று தெரிந்திருக்கும்.

பிழையை எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவம் எல்லா வகுப்பிலும் சொல்வார்கள், நானும் சொல்லிவிடுகிறேன். 0.1 என்ற எண்ணை, கம்ப்யூட்டர் பயன்படுத்தும் 0, 1 மட்டும் உள்ள இரண்டடிமான முறையில் முழுதாக எழுத முடியாது; எங்காவது வெட்ட வேண்டும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு 100 மணி நேரம் நிற்காமல் ஓடியிருந்தது. பத்தில் ஒரு நொடி என்று எண்ணி எண்ணி, அந்த வெட்டுப் பிழை 0.34 நொடியாகச் சேர்ந்துவிட்டது. வந்த ஏவுகணையை அது தப்பான இடத்தில் தேடியது. 28 வீரர்கள் இறந்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லெய்ப்னர் எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு மூலைக்குக் கட்டங்களைச் சரியாக அமைக்காததால், அங்கே வரும் வெட்டு விசையை 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது. பிறகு கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். கணக்கைக் கவனமாகப் போட்டால் எவ்வளவு கிட்டே போகலாம் என்பதற்கு இந்த மூன்று மீட்டரைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

"கம்ப்யூட்டர் சயின்ஸா, கணக்கா?" என்று கேட்டீர்கள். அலன் டியூரிங் 1948-இல் எழுதிய ஒரு கட்டுரை, மேலே சொன்ன நீக்கும் முறையில் வெட்டுப் பிழை எப்படிச் சேருகிறது என்பதைப் பற்றியது. கம்ப்யூட்டர் சயின்ஸின் உயரிய விருதான டியூரிங் விருது 1970-இல் வில்கின்சனுக்கும், 1989-இல் கஹானுக்கும், 2021-இல் டொங்காராவுக்கும் போனது. மூன்று பேரும் இதே தெருக்காரர்கள். யாராவது இது கணக்குத் துறை வேலை என்று ப்ராஜெக்டைத் தட்டிக் கழித்தால் இந்த மூன்று பெயரைச் சொல்லுங்கள்.

ஏஐ இதையெல்லாம் காலி செய்துவிடாதா என்பது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் அடுத்து கேட்பீர்கள். 2023-இல் வந்த கிராஃப்காஸ்ட் என்ற ஏஐ மாடல் பத்து நாள் உலக வானிலையை ஒரு நிமிடத்துக்குள் சொல்கிறது; பல அளவுகோல்களில் பழைய மாடலை முந்தியும் இருக்கிறது. உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் அது படித்தது ஏறக்குறைய 40 வருட வானிலைப் பதிவு. அந்தப் பதிவில் அளவீடு இல்லாத இடங்களையெல்லாம் நிரப்பிக் கொடுத்தது பழைய சமன்பாட்டு மாடல்தான். பாடப்புத்தகத்தை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதும், நிறுத்தியிருந்த வேன்களை ஏரித் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதும் எல்லோரும் பார்த்தது. படித்த பாடத்தில் அரிதாகக்கூட இல்லாத ஒன்று வரும்போது, படித்ததை வைத்துச் சொல்லும் முறை எவ்வளவு தப்பும் என்பதை எப்படி முன்கூட்டிச் சொல்வது? இப்போது துறையில் சூடாக ஓடும் கேள்வி இது. உங்கள் வயதுக்காரர்களுக்குச் சரியான சமயம்.

வழி கேட்டால்: லீனியர் ஆல்ஜீப்ராவைத் தேர்வுக்கு இல்லாமல் உண்மையாகப் படியுங்கள். என்பிடெலில் ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்களின் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. மேற்படிப்புக்கான கேட் தேர்வை எழுதுங்கள். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே ஐஐஎஸ்சியில் கம்ப்யூட்டேஷனல் அண்ட் டேட்டா சயின்சஸ் என்று தனித் துறையே இருக்கிறது, டிஐஎஃப்ஆரின் பயன்பாட்டுக் கணித மையமும் அங்கேதான். பைத்தானில் தொடங்கலாம், ஆனால் சி++ தெரியாமல் நெடுந்தூரம் போக முடியாது. ரெடிமேட் நூலகத்தைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு முறையாவது சொந்தமாக எழுதி, அது வெடிப்பதைப் பாருங்கள். என் "நான்" கதை உங்களுக்கும் நடக்கட்டும்.

ப்ராஜெக்டுக்குத் தரவு தேடி எங்கேயும் போக வேண்டாம். போன மாதம் மீட்டர்காரர் எழுதிய தாள் வீட்டில் கிடக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் நோட்டில் வைத்திருப்பார். கம்பி தூரம் ஒரு வரிசை, மீட்டர் காட்டிய எண் ஒரு வரிசை. போர் வண்டிக்காரரிடம் எத்தனை அடி வரை மண், எங்கிருந்து கல், எங்கே ஈரம் தட்டியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று போருக்கும் அது கிடைத்தால், தரைக்குள் என்ன இருந்தது என்பது தெரிந்த மூன்று இடம் உங்கள் கையில். மூன்று அடுக்குத் தரை என்று எளிதாக வைத்துக்கொண்டு முதலில் நேர்க்கணக்கை எழுதுங்கள். அது ஓடியதும் எனக்கு எழுதுங்கள், தலைகீழ்ப் பக்கத்தைச் சேர்ந்து பார்ப்போம். அதுவரை நான்காவது போரைக் கொஞ்சம் தள்ளிப் போட அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.